கடைசிக் கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் போனது

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24ஆம் திகதி திருகோணமலையில்தான் கப்பலேறியது. அமைதிப்படை பற்றி எழுதுகிறவர்கள் பலாலியில் வந்து இறங்கியதையும் யாழ்ப்பாணத்துச் சண்டையையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும், 1987 ஒக்டோபரில் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டொக்டர்மாரையும் சுட்டதை எப்படி மறப்பது? ஆனால் அவர்கள் போன விதத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. எங்கள் ஊர் அடிபட்டது அதில்தான்.

இங்கே கதை கொஞ்சம் வேறு. 83 கலவரத்துக்குப் பிறகு வீடு எரிந்து ஓடியிருந்த சனம் இந்தியன் ஆமி வந்த பிறகுதான் ஊர் திரும்பியது. "அந்த ரெண்டு வருஷமும்தான் கொஞ்சம் நிம்மதியாப் படுத்தம்" என்று அம்மா இப்போதும் சொல்வார். வடகிழக்கு மாகாண சபையும் இங்கேதான் வந்தது, 1988 நவம்பரில் தேர்தல், வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். சனம் நம்பியது.

1989 ஜூனில் அன்றைய ஜனாதிபதி பிரேமதாச, ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேலும் எட்டு மாதம் இழுபட்டாலும், போவது உறுதியாகிவிட்டது. அவர்கள் போனபின் மாகாண அரசைக் காக்க ஒரு படை வேண்டுமே என்று தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆள் சேரவில்லை, பிள்ளைபிடி தொடங்கியது, பெடியன்களைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். மீசை முளைக்காத பெடியன்களுக்கெல்லாம் அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்துக் கையில் துவக்கைக் கொடுத்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமியின் மகன் ரியூசனுக்குப் போன இடத்தில் பிடிபட்டான். சைக்கிள் மதிலில் சாத்தியபடி நின்றது, கரியரில் கணக்குக் கொப்பி. மாமி அவனுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு காம்புக்கும் ஒரு கந்தோருக்குமாக நடந்தார். "பதினாறு வயசு ஐயா, பாருங்கோ" என்று நீட்டுவார். காம்பில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. கந்தோரில் இருந்தவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. அவன் திரும்பி வரவேயில்லை. படை ஒவ்வொரு இடமாக விட்டு விலக விலக, அந்தப் பெடியன்கள் இருந்த முகாம்களைப் புலிகள் அடித்துப் பிடித்தார்கள், தப்பி ஓடியவர் போக மிச்சம் செத்தது. முதலமைச்சரும் இந்தியா போய்ச் சேர்ந்தார். ஜூனில் திரும்பவும் சண்டை, சனம் படகேறித் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்கு ஓடியது.

அந்த 1987 ஒப்பந்தத்தில் யாருடைய பங்கு மிஞ்சியது என்று பார்த்தாலே போதும். வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாகச் சேர்த்தது 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு போனது. அதே 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் பரிமாறிய கடிதங்களில் இருந்த, எங்கள் திருகோணமலைச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022இலும் புது ஒப்பந்தம் எழுதினார்கள், 99 தாங்கிகளையும் எண்ணிப் பிரித்து, 14 இந்திய எண்ணெய் நிறுவனமான ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேருக்கும் சேர்த்து. தாங்கிகளுக்கு இருந்த கணக்கு எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

செத்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர். இலங்கைப் பாராளுமன்றத்துக்குக் கிட்ட அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, டில்லியிலிருந்து பிரதமர் வந்தால் மலர்வளையம் வைக்கிறார். வைக்கட்டும், அவர்களும் யாரோ அனுப்பி வந்தவர்கள்தான், அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். நான் கேட்பது பிடித்துக்கொண்டு போன பெடியன்களின் பெயர்களை. அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஆள் சேர்த்த பதிவோ, எந்த முகாமுக்கு யாரை அனுப்பினோம் என்ற ஞாபகமோ இருந்தால், தாய்மார் கண்ணை மூடுவதற்கு முன் அதைச் சொல்லுங்கள்.