540 லிட்டர்

மார்ச் 2

புது மீன்தொட்டிக்கான ஸ்டாண்டை நிறுத்தியாயிற்று. ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தால் குமிழ் நடுவில் நிற்கிறது. அகலவாக்கில் ஒரு நூல் விலகுகிறது. இடது முன்மூலை 2 மில்லிமீட்டர் தாழ்வு.

150 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். கண்ணாடி, கல், மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவை நெருங்கும். அத்தனை பாரமும் ஒரு மூலைக்குச் சாய்ந்தால் அதைத் தாங்க வேண்டியது ஒரு விரல் அகலச் சிலிக்கான் பசை. ஸ்டாண்டின் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே மட்டும் எதையும் சொருகக் கூடாது. பாரம் அந்த ஒரு புள்ளியில் இறங்கிக் கண்ணாடி விரிசல் கண்டுவிடும். மூன்று முறை அளந்தேன். இரவு எழுந்து நான்காவது முறை.

மார்ச் 3

பழைய தொட்டியின் அடியில் வைத்த துணி மறுபடியும் ஈரம்.

மார்ச் 5

கற்களைக் கழுவி ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்த கல், மலைமுகடு போல வெள்ளை வரி ஓடிய கல், நுரைத்தது. சுண்ணாம்பு. தண்ணீரின் கடினத்தன்மையைச் சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டே போகும். ஒதுக்கிவிட்டேன். மனம் கேட்கவில்லை, வெளியே எடுத்து வைத்துவிட்டு இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

மூன்று வாரம் ஊறிய மரவேர் இன்னும் மிதக்கிறது. பலகைக்கல்லில் திருகாணி போட்டு இறுக்கினேன்.

மார்ச் 8

காலை பத்து மணிக்குச் செடிகளை நடத் தொடங்கி நான்கு மணிக்கு முடித்தேன். மண் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்வரிசையில் ரோட்டாலா, வலது ஓரம் வாலிஸ்நேரியா, முன்னே மான்டி கார்லோ. மான்டி கார்லோவைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து இடுக்கியால் சாய்வாகக் குத்தினேன். நேராகக் குத்தினால் இடுக்கியோடு திரும்பி வந்துவிடுகிறது. அனுபியாஸை மரவேரில் ஒட்டினேன். அதன் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும்.

கடைசியாகப் பழைய தொட்டியின் கிரிப்டோகோரைன் வெண்ட்டி. இலங்கை ஓடைகளில் வளரும் செடி. ஒன்பது ஆண்டுகள் ஒரே மூலையில் இருந்தது. கையை உள்ளே விட்டு வேரைத் தேடினால் தொட்டியின் மறுகோடி வரை ஓடியிருந்தது. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் அறுந்தது. அறுபடும் ஒவ்வொன்றும் விரல் நுனியில் தெரிந்தது. அங்கே தனியாக இருக்கும் வயதான மீன், என் பெரியவர், ஒளிந்துகொள்ள இப்போது அந்தத் தொட்டியில் ஒரு நிழலும் இல்லை. ஓடு ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நான்கு பங்கு). புது மண் கக்குகிறது, எதிர்பார்த்ததுதான். இந்த நஞ்சைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டருக்குள் வைத்திருக்கிறேன். முழுவதையும் எடுக்க முடியாது. பெரியவர் இன்னும் அங்கே இருக்கிறார்.

மார்ச் 14

கிரிப்டோகோரைன் உருகத் தொடங்கிவிட்டது. காலையில் இரண்டு இலைகளில் கண்ணாடி போன்ற திட்டு. மாலையில் தொட்டால் கூழ். இடம் மாற்றினால் இந்தச் செடி இப்படித்தான் இலைகளைக் கைவிடும், வேர் பிழைத்திருந்தால் திரும்பத் துளிர்க்கும். இதை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன். இன்று எனக்கு நான் சொல்லிக்கொண்டது எடுபடவில்லை.

மார்ச் 17

மணி மூன்றரை. தூங்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

ஒன்றரை மணிக்குச் சொட்டும் சத்தம். துணி நிறைந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. பழைய தொட்டியின் பின்பக்க ஒட்டு கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பிரிந்திருக்கிறது. நான்கு வாளி, பிறகு பிளாஸ்டிக் டப். நல்ல தண்ணீர் கலங்குவதற்குள் டப்பை நிரப்பினேன். மீதிப் பாதி ஸ்பாஞ்சைப் போட்டேன், காற்று பம்பை ஓட்டினேன். பெரியவரை வலையால் பிடிக்கவில்லை. அவர் கோரிடோராஸ், சிறு கெளுத்தி இனம்; துடுப்பு முள் வலையில் சிக்கினால் விடுவிப்பதற்குள் உயிரே போகலாம். ஒரு கிண்ணத்தைத் தரையோடு படுக்க வைத்து, கையால் மெல்ல ஒதுக்கினேன். தானாகவே உள்ளே வந்தார். பதினோரு வயது. கூட இருந்த ஐவரும் ஒவ்வொருவராகப் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது.

புதுத் தொட்டி பத்தடி தூரத்தில் நிறைந்து நிற்கிறது, அதில் விட முடியாது. பிஎச் 6.6இல் அம்மோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே இருக்கும். நைட்ரைட்டில் அந்தச் சலுகை இல்லை; இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நேற்றுச் சோதனைக் குழாயில் நைட்ரைட் கத்தரிப்பூ நிறம் காட்டியது, அளவு அதிகம்.

மார்ச் 18

உணவைத் தொடவில்லை.

மார்ச் 19

தொடவில்லை. மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுக் கீழே போகிறார். குடலாலும் சுவாசிக்கத் தெரிந்த மீன், அது அவர்களுக்கு இயல்புதான். ஆனால் மணிக்கு எத்தனை முறை என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 20

ஒரு புழு. மீசையால் இரண்டு முறை தடவி, விலகி, திரும்பி வந்து எடுத்தார்.

மார்ச் 24

நைட்ரைட் இறங்கவில்லை. கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி, விரலால் தேய்த்தால் மாவு போல வருகிறது. மரவேரின் மேல் வெள்ளைப் பூஞ்சை. இரண்டும் புதுத் தொட்டிக்கு வந்து தானே போகிறவை, அவற்றைப் பற்றிக் கவலையில்லை. கிரிப்டோகோரைன் இருந்த இடத்தில் வெறும் மண். கிளறிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. கிளறினால் வேர் போய்விடும். அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை மாற்றிப் போட்டேன்.

மார்ச் 29

செடிகளுக்கான கரியமில வாயு சிலிண்டரை இணைத்த நான்காம் நாள். வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் காலையில் நீலம், விளக்கு எரியும்போது இளம்பச்சை. ஏறக்குறைய 30 பிபிஎம். ஊசி வால்வை ஒரு மயிரிழை திறந்துவிட்டு வெளியே போனேன். மாலை வந்தபோது எலுமிச்சை மஞ்சள். உள்ளே மீன் இருந்திருந்தால் எல்லாமே மேற்பரப்பில் வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கும். கை நடுங்கியது. இனி வால்வைத் தொட்டால் அன்று முழுக்க வீட்டில் இருக்க வேண்டும், இதை எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். டைமரையும் மாற்றினேன்: விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே வாயு தொடக்கம், விளக்கு அணைய ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தம்.

ஏப்ரல் 2

ரோட்டாலா இலைகளில் முதன்முதலாகக் குமிழ்கள். தண்ணீரில் பிராணவாயு நிறைந்து, இனிக் கரைய இடமில்லாமல் இலையிலேயே நிற்கிறது. இலையின் அடியில் ஒரு குமிழ் கடுகளவு வளர்ந்தது, நடுங்கியது, பிரிந்தது. விளக்கு அணையும் வரை நகரவில்லை.

ஏப்ரல் 6

அம்மோனியா 0. நைட்ரைட் 0. வெயிலில் கொண்டுபோய் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். வான நீலம்.

ஏப்ரல் 7

மறுபடியும் 0. 70 சதவீதத் தண்ணீரை மாற்றினேன், குளோரின் நீக்கி கலந்து.

ஏப்ரல் 8

டப்புத் தண்ணீர் பிஎச் 7.6, தொட்டி 6.6. தொட்டித் தண்ணீரை அவர் இருந்த கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் விட்டேன், மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு. அதற்குள் இரண்டு முறை அவர் கிண்ணத்தை முட்டினார்.

விட்டதும் தரையில் அப்படியே இருந்தார், துடுப்புகூட அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து மீசை மட்டும் மண்ணைத் தொட்டது. பழைய தொட்டியின் கூழாங்கல்லில் தேய்ந்து குட்டையான மீசை. இங்கே மண்ணின் மேல் மென்மணல் பரப்பியது அதற்காகத்தான். பிறகு மூக்கை மணலுக்குள் விட்டு, செவுள் வழியே மணலை உதறினார். கூழாங்கல்லில் அவர் இதைச் செய்ததே கிடையாது. பதினோரு ஆண்டுகள் அவரைக் கூழாங்கல்லில் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 13

கிரிப்டோகோரைன். மண்ணிலிருந்து ஊசி போல ஒன்று, பழுப்பு நிறம், 3 மில்லிமீட்டர். பாசியாக இருக்கலாம் என்று நினைத்தேன். உருப்பெருக்கியில் சுருண்ட இலை விளிம்பு தெரிகிறது.

ஏப்ரல் 14

5 மில்லிமீட்டர். பக்கத்தில் இன்னொன்று.

ஏப்ரல் 21

நூல்பாசி. ஆசைப்பட்டு விளக்கை எட்டு மணி நேரமாக்கியதன் பலன். ஆறுக்கு இறக்கினேன், பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். அமானோ இறால் இருபது விட்டேன். பாசி தின்னும் இந்த இறாலைச் செடித் தொட்டிகளுக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ. அவருடைய கடைசிப் பெரிய வேலை லிஸ்பன் நீர்வாழ் காட்சியகத்தில், 2015இல். 40 மீட்டர் நீளம், 160,000 லிட்டர். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்துதான் பெரிய தொட்டி என்ற எண்ணமே எனக்குள் வந்தது. என்னுடையதில் ஒரு மூலை பாசியையே அடக்க முடியவில்லை. அந்த மனிதர் 40 மீட்டரை எப்படிக் கனவு கண்டார் என்று கையில் பிரஷ்ஷோடு நின்று யோசித்தேன்.

ஏப்ரல் 23

இடது முன்மூலை. ரசமட்டம் வைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மே 4

தனித் தொட்டியில் மூன்று வாரம் கண்காணித்த ஐந்து கோரிடோராஸ் இளங்குஞ்சுகளை இன்று சேர்த்தேன். ஐந்தும் மரவேரின் பின்னால் ஒடுங்கின. பெரியவர் தொட்டியின் மறுமுனையில், கிரிப்டோகோரைனின் கீழ். அதற்கு இப்போது ஒன்பது இலை. மூக்கை மட்டும்தான் மறைக்கிறது. ஒன்றரை ஆண்டாகத் தன் இனத்தைப் பார்க்காத மீனுக்கு இனி அந்தக் கூட்டம் தேவைப்படுமா? ஒன்பது மணி வரை உட்கார்ந்தேன். அவர் நகரவில்லை.

மே 5

நகரவில்லை.

மே 6

விடியற்காலை, விளக்கு எரியும் முன், சிவப்பு டார்ச்சில் எண்ணினேன். மரவேரின் பின்னால் ஆறு. ஒன்று மற்றவற்றைப் போல இரு மடங்கு. தப்பாக எண்ணியிருக்கலாம் என்று திரும்பவும் எண்ணினேன்.

மே 11

தண்ணீர் 29 டிகிரி. கோரிடோராஸுக்கு இது அதிகம். மேற்பரப்பில் படும்படி சிறிய மின்விசிறி வைத்திருக்கிறேன், ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடுகட்ட வேண்டும். ரோட்டாலாவை நாளை வெட்ட வேண்டும், நுனிகள் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டன.

மே 12

28.