கேள்வி கேட்காதீங்க மேம்

செமஸ்டர் முடிகிற வாரத்தில் எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை வகுப்பு வகுப்பாகக் கம்ப்யூட்டர் லேபுக்கு அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். பாடத்தைத் தெளிவாக நடத்துகிறாரா, நேரத்துக்கு வருகிறாரா, சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறாரா. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கடைசியில் ‘கருத்து’ என்று ஒரு கட்டம். முக்கால்வாசிப் பேர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். பதிவு எண்ணைப் போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். எழுதினால் யார் எழுதியது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இருப்பது நியாயம்தான்.

பதினான்கு வருடமாக முதல் செமஸ்டருக்கு இன்ஜினியரிங் பிசிக்ஸ் எடுக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த வருடப் பாடத்திட்டத்தில், ஐந்து யூனிட் இருந்தது. மெக்கானிக்ஸ், மின்காந்த அலைகள், அலைவுகளோடு ஒளியியலும் லேசரும், அப்புறம் குவாண்டம் இரண்டு யூனிட். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் பரீட்சைக்கு 60. வினாத்தாள் நூறுக்கு, அதை அறுபதுக்குக் குறைத்துக்கொள்வார்கள்: பத்து டூ மார்க், ஐந்து பதிமூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். இந்தக் கணக்கையெல்லாம் விடுதி சீனியர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எந்த டெரிவேஷன், அதாவது சமன்பாட்டைப் படிப்படியாக வருவித்துக் காட்டும் கேள்வி, திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. அதனால் பிசிக்ஸ் மேம் எப்படி என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு முதலாண்டில் ஒரே அர்த்தம்தான்: நோட்ஸ் கொடுப்பாங்களா, மாட்டாங்களா?

நான் கொடுத்தேன். ஏழெட்டு வருடம் கொடுத்தேன். போர்டை மூன்றாகப் பிரித்து, இடது ஓரத்தில் படம், நடுவில் டெரிவேஷன், வலது ஓரத்தில் முக்கியமான சமன்பாடு கட்டம் போட்டு. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். அவர்கள் தலை குனிந்து எழுதுவார்கள். அறுபது பேனா ஓடுகிற சத்தம் கேட்கும். பீட்பேக்கில் ஐந்துக்கு நாலரைக்குக் கீழே இறங்கியதே இல்லை. ‘நல்லா புரியும்படி நடத்துறாங்க’, ‘நோட்ஸ் சூப்பர்’ என்று கட்டத்தில் எழுதியிருப்பார்கள். அதை வீட்டுக்கு வந்து கணவரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி வகுப்பில் எரிக் மசூரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அமெரிக்காவில் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். அவரிடமும் மாணவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், அவருக்கும் மாணவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். அரிசோனாவில் ஹெஸ்டனீஸ் என்பவரும் அவர் குழுவும் விசையைப் பற்றிய அடிப்படைப் புரிதலைச் சோதிக்கக் கேள்விகள் தயாரித்திருந்தார்கள். கணக்கு எதுவும் கிடையாது, வெறும் யோசனைதான். மசூர் அதைத் தன் வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் வகுப்பில் நோட்டை மூடச் சொன்னேன். வேகமாக வரும் லாரி ஒன்று நிற்கிற ஸ்கூட்டர் மேல் மோதுகிறது. லாரி ஸ்கூட்டர் மேல் கொடுக்கும் விசை அதிகமா, ஸ்கூட்டர் லாரி மேல் கொடுக்கும் விசை அதிகமா, இரண்டும் சமமா? பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள்தான். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய மொத்த வகுப்பும் லாரி பக்கம். இரண்டு விசையும் சமம், ஸ்கூட்டரின் நிறை குறைவு என்பதால் அதன் முடுக்கம் அதிகம், அதனால்தான் அது நொறுங்குகிறது என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் நான் நம்பி வந்த தலையாட்டல் அது.

அதற்குப் பிறகு டிக்டேஷனை நிறுத்தினேன். நோட்ஸை அச்சடித்து முன்னாலேயே கொடுத்துவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் மேல் விசை உண்டா? கம்பியில் தொங்கி, முறுக்கி விட்டால் இப்படியும் அப்படியும் சுழலும் முறுக்கு ஊசலின் தட்டில் இரண்டு எடைகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினால் அலைவு நேரம் கூடுமா, குறையுமா? ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். வகுப்பு உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அந்த செமஸ்டர் பீட்பேக்கில் நாலுக்குக் கீழே போய்விட்டேன். கட்டத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ‘மேம் நடத்துவதில்லை, எங்களைத்தான் நடத்தச் சொல்கிறார்.’ ‘கேள்வி கேட்காதீங்க மேம், பாடம் எடுங்க.’ ‘போன வருஷ சீனியர்ஸுக்கு எழுதிப்போட்ட மாதிரி எங்களுக்கும் எழுதிப்போடுங்க.’ எச்ஓடி, எங்கள் துறைத் தலைவர், கூப்பிட்டு விட்டார். திட்டவில்லை. “என்ன மேடம், உங்களுக்கு இப்படி வந்ததே இல்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்றைக்கு வரவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். ஹார்வர்டிலேயே, அறிமுக இயற்பியல் வகுப்புகளில் லூயி டெலோரியே என்பவரும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு 2019இல் வந்திருந்தது. மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரை. இன்னொரு பாதிக்கு அதே பாடத்தைக் கேள்வி கொடுத்து, குழுவாக யோசிக்க வைத்து நடத்தினார்கள். யோசிக்க வைத்த வகுப்பில் இருந்தவர்கள் சோதனையில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் கற்றுக்கொண்டது எவ்வளவு என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவு என்று அவர்களே சொன்னார்கள். மூளை சிரமப்படுவதை ‘நமக்குப் புரியவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். தடையில்லாமல் ஓடுகிற விரிவுரையைக் கேட்கும்போது, அவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் கால்குலஸ் வகுப்புகளை வைத்து 2010இல் வந்த ஓர் ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. மாணவர்கள் மெச்சிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்தார்கள், அதற்கு மேலே உள்ள அடுத்த பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள்.

படித்ததும் பெரிய ஆறுதல். நான் செய்வதுதான் சரி, பிள்ளைகளுக்கு இன்றைக்குத் தெரியவில்லை, நாளைக்குத் தெரியும். இரண்டு மாதம் இப்படியே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பான ஆறுதல் என்று இப்போது நினைக்கிறேன். மாணவர்கள் குறை சொல்லும்போதெல்லாம் எடுத்துக் காட்ட ஓர் ஆய்வு கையில் இருந்தால், அப்புறம் அவர்கள் சொல்வது எதுவுமே காதில் விழாது.

அடுத்த வருடம் ஆறாவது வாரத்திலேயே, லேபும் வேண்டாம் பதிவு எண்ணும் வேண்டாம் என்று, ஆளுக்கு அரைத் தாள் கொடுத்தேன். பெயர் எழுதாதீங்க, தமிழோ இங்கிலீஷோ, மனசில் இருப்பதை எழுதுங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். கிளாஸ் ரெப் சேகரித்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தான்.

அதில் ஒரு தாள். நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், நான் கொடுத்தது இல்லை. நான் கொடுத்ததில் எழுதிவிட்டுப் பிடிக்காமல் மாற்றியிருக்க வேண்டும். நீல மையில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதியிருந்தது. ‘மேம் நீங்க கேள்வி கேட்கறது நல்லாதான் இருக்கு. ஆனா என்னை எழுப்பி கேட்கும்போது எனக்கு தெரியலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுது. நான் தமிழ் மீடியம். பதில் தெரிஞ்சாலும் இங்கிலீஷ்ல வரல. அதுக்கப்புறம் அந்த பீரியட் முழுக்க நீங்க சொல்றது எதுவும் கேக்கல.’

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்ஜினியரிங் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. அதற்கு முன்னாலும் தமிழ்வழியில் படித்தவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் கூடினார்கள். அவர்கள் விசை, உந்தம், திசைவேகம், நிலைமத் திருப்புத்திறன் என்று இரண்டு வருடம் படித்துவிட்டு வருகிறவர்கள். நான் ஃபோர்ஸ், மொமெண்டம், மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயர். டிக்டேஷன் கொடுத்த காலத்தில் அவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, தலையைக் குனிந்து எழுதினால் போதும். என் கேள்விகள் அந்த இடத்தையும் பிடுங்கிவிட்டன. ‘கேள்வி கேட்காதீங்க மேம்’ என்று முந்தைய வருடம் எழுதியது யாரோ எனக்குத் தெரியாது. அவருக்கும் இதே காரணம்தானோ என்று இன்றுவரை உறுத்துகிறது. சோம்பேறித்தனம் என்று நினைத்து அதைக் கடந்துபோயிருந்தேன்.

கேள்வியை விடவில்லை, கேட்கிற விதத்தை மாற்றினேன். ஆளுக்கு நான்கு அட்டை: அ, ஆ, இ, ஈ. முதலில் பேசாமல் இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டும். அப்புறம் அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் எனக்கு மட்டும் தெரியும், பின் பெஞ்சுக்குத் தெரியாது. பதில் சிதறியிருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலும் பேசலாம், மறுபடி அட்டை. மசூர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். போர்டில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழிலும் எழுதுகிறேன். இதைச் செய்ய எனக்கு ஒன்பது வருடம் ஆனது என்பதுதான் வருத்தம். அந்த ஹார்வர்டு ஆய்வையும் முதல் வாரத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். சிரமமாக இருக்கும், அப்படி இருப்பதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்று. ஆய்வு செய்தவர்களே இப்படி முன்கூட்டிச் சொல்லச் சொல்கிறார்கள். பீட்பேக் மதிப்பெண் மெதுவாக ஏறியது. பழைய நாலரைக்கு வரவில்லை. பரவாயில்லை.

அரைத் தாள்களில் வேறு விஷயங்களும் வரும். ‘எங்களுக்கு எதுக்கு மேம் பிசிக்ஸ், நாங்க சிஎஸ்இ’ என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் வருடா வருடம் பத்துப் பேராவது எழுதுவார்கள். டிரான்சிஸ்டரில் ஆரம்பித்து நான் சொல்கிற பதில் அவர்களைப் பாதிதான் திருப்திப்படுத்துகிறது. அவர்கள் வேலைக்குப் போகப்போகும் உலகத்தைப் பார்த்தால் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரு வருடம் நான்கு தாளில் ஒரே புகார்: ஃபேன் சத்தத்தில் கடைசி இரண்டு பெஞ்சுக்கு நான் பேசுவது கேட்பதே இல்லை. கல்லூரிப் படிவத்தின் பன்னிரண்டு கேள்விகளில் ‘காதில் விழுகிறதா’ என்று ஒரு கேள்வி கிடையாது.

பாராட்டு என்று வந்தால் பெரும்பாலும் லேபைப் பற்றித்தான். ஏர் வெட்ஜ் சோதனை எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் இடையே ஒரு முடியைச் செருக வேண்டும். கொடுக்கிற கம்பி இழையை வைத்துச் செய்யலாம், நான் அவரவர் தலைமுடியை வைக்கச் சொல்வேன். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பைத் திருகிக்கொண்டே வந்தால், முதலில் வெறும் மஞ்சள், பிறகு கலங்கல், திடீரென்று கறுப்பும் மஞ்சளுமாக நேர்கோடுகள், ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்தாறு. சோடியம் ஒளியின் அலைநீளம் 589.3 நானோமீட்டர். கோடுகளின் இடைவெளியை அளந்தால் முடியின் தடிமன் வந்துவிடும். கோடு தெரிந்த கணத்தில் யாராவது ‘ஏய், வந்துடுச்சுடி!’ என்று கத்தாத பேட்ச் கிடையாது. ‘என் முடியோட தடிமனை வெளிச்சத்தை வெச்சு அளந்தேன்’ என்று ஒரு தாளில் இருந்தது. நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் எழுதவில்லை, அந்த ஒரு வரிதான். பதினான்கு வருடத்தில் வந்த கருத்துகளில் நான் எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பது இரண்டே தாள். இது ஒன்று, நீல மைத் தாள் மற்றொன்று.

இந்த வருடம் போன வெள்ளிக்கிழமை அரைத் தாள் கொடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி சமையல் முடித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: ‘மேம், லாரி ஸ்கூட்டர் கேள்வியை எங்க அப்பாகிட்ட கேட்டேன். அவர் லாரி ஓட்டுறார். இருபது வருஷமா ஓட்டுறேன், ரெண்டும் சமம்னு யார் சொன்னதுன்னு சிரிச்சார். பரீட்சைல சமம்னுதான் எழுதுவேன். ஆனா எனக்கும் இன்னும் முழுசா நம்பிக்கை வரல. இன்னொரு தடவை சொல்லுங்க.’

திங்கள்கிழமை முதல் பீரியட் அந்த வகுப்புதான். லேபிலிருந்து இரண்டு சுருள்வில் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். கொக்கியோடு கொக்கி மாட்டி, வகுப்பிலேயே பெரிய ஆளிடம் ஒன்றையும் சின்ன ஆளிடம் ஒன்றையும் கொடுத்து இழுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் தங்கள் தராசு காட்டுகிற எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டும், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி.