பீரங்கி ஏறிய பாதையில் கிராவல் பைக்: சூசாவிலிருந்து செஸ்ட்ரியேரே வரை

ஆல்ப்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றால் எல்லோரும் பிரான்ஸ் பக்கம்தான் கை காட்டுவார்கள். ஆல்ப் துவே, கலிபியே என்று வழவழப்பான தார்ச்சாலைகள். அங்கே கோடையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேரவனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வழி விட்டே பாதித் தெம்பு போய்விடும். எல்லைக்கு இந்தப் பக்கம், இத்தாலியின் பியமோன்தே மாநிலத்தில், தார் போடாத மலைப்பாதைகள் நிறைய இருக்கின்றன. மண்ணிலும் கல்லிலும் ஓட அகலமான டயர் போட்ட கிராவல் பைக்குக்கு ஏற்றவை. பல நூற்றாண்டுகள் படைகள் மோதிக்கொண்ட எல்லை இது. முகட்டுக்கு முகடு கோட்டை கட்டினார்கள், அந்தக் கோட்டைகளுக்குப் பீரங்கியும் தானியமும் கொண்டுபோகப் பாதை வெட்டினார்கள். கோட்டைகள் பாழாகிவிட்டன. பாதைகள் மட்டும் மிஞ்சின. கழுதையும் வண்டியும் ஏறுவதற்காகப் போட்டவை என்பதால் திடீர்ச் செங்குத்து அதிகம் இருக்காது. ஒரே சீராக ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும்.

அவற்றில் எனக்குப் பிடித்தது சூசாவில் தொடங்கி ஃபினெஸ்த்ரே கணவாய் ஏறி, அங்கிருந்து அசியெத்தா மலைமுகட்டுப் பாதையில் செஸ்ட்ரியேரே வரை போகும் வழி. அதன்பின் ஊல்க்ஸ் ரயில் நிலையத்துக்கு இறங்கினால் மொத்தம் 80 கிலோமீட்டர் அளவுக்கு வரும். தூரம் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி மண்ணும் கல்லும்.

டூரினிலிருந்து காலை முதல் ரயிலைப் பிடித்து வருவது நல்லது. சூசா சிறிய ஊர். ரோமானியர் காலத்து வளைவு ஒன்று இன்னும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளூர்த் தலைவர் கோத்தியுஸ், பேரரசர் அகுஸ்துஸுக்காக கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது. போகிற போக்கில் பார்த்துவிட்டு, தெருக்குழாயில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஊர் இருப்பது 500 மீட்டர் உயரத்தில், ஃபினெஸ்த்ரே உச்சி 2,178 மீட்டரில். நடுவே 18.5 கிலோமீட்டர். சராசரி ஏற்றம் 9.2 சதவீதம்.

இந்தச் சராசரி என்கிற வார்த்தையை வேறு மலைகளில் நம்ப முடியாது. கொஞ்சம் சமதளம், கொஞ்சம் இறக்கம் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குறைத்துக் காட்டும். ஃபினெஸ்த்ரே அப்படியில்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒன்பது, ஒன்பதரை என்றே போகும். மூச்சு வாங்க ஓரிடம் கிடையாது. ஆனால் ஒரு நன்மை, கால் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டால் அதை மாற்றவே வேண்டாம்.

மெயானா என்கிற சிற்றூரைத் தாண்டியதும் காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். குறுகலான தார்ச்சாலை, மேலே கூரை போட்டாற்போல மரங்கள். கொல்லிமலை ஏறியவர்களுக்கு அந்த உணர்வு பழக்கமாக இருக்கும்: ஒரு வளைவில் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கிட்டத்தட்ட முப்பது வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னோடு வந்த பொள்ளாச்சி அண்ணன் ஒருவர், சேலத்துப் பக்கத்து மலைகளில் பழகியவர், முன்னால் போய்க்கொண்டே சொன்னார்: "தம்பி, மீட்டரைப் பார்க்காதே. அடுத்த வளைவை மட்டும் பார், போதும்." மீட்டரில் மணிக்கு 7 கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்தபோது அந்த அறிவுரை ரொம்பவே உதவியது.

உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது தார் முடிகிறது. இங்கிருந்துதான் நாம் கிராவல் டயர் போட்டுக்கொண்டு வந்ததற்கு அர்த்தம். தரை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கார்ச்சக்கரம் போய்ப் போய் இறுகிய இரண்டு தடங்கள் மட்டும் கெட்டியாக இருக்கும், நடுவிலும் ஓரத்திலும் கோலிக்குண்டு அளவுக் கற்கள் உருளும். வளைவின் உள்பக்கத்தில் சரிவும் அதிகம், கல்லும் அதிகம். அங்கே சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பாரம் இழந்து ஒரே இடத்தில் சுற்றும், சரக் என்று சத்தம் வரும், வண்டி நின்றுவிடும். சீட்டின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்து, நெஞ்சைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் தாழ்த்தி, வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றி மிதித்தால் தாண்டிவிடலாம். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், டியூப்லெஸ்ஸாக இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைக்கலாம். அதைவிட முக்கியம் கியர். முன் பல்சக்கரத்தை விடப் பின் பல்சக்கரம் பெரிதாக ஒரு கியராவது வேண்டும். வீரம் காட்டும் இடம் இதுவல்ல.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும்போது மேலே மிச்சமிருக்கும் பாதை முழுவதும் மடிப்பு மடிப்பாகத் தெரியும். இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் இந்த மலையை 2005-இல் முதன்முதலாகச் சேர்த்தது. அதற்குப் பின் நடந்தவற்றில் இரண்டு மறக்க முடியாதவை. 2018-இல் கிறிஸ் ஃப்ரூம் இந்த மண்பாதையில் எல்லோரையும் விட்டுவிட்டுக் கிளம்பி, 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி, பந்தயத்தையே வென்றார். அன்று, மொத்தப் பந்தயத்திலும் முன்னணியில் இருப்பவருக்கான இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்திருந்தவர் சைமன் யேட்ஸ். இதே ஏற்றத்தில் சரிந்துபோய் அரைமணிக்கும் மேல் பின்தங்கினார். ஏழு வருடம் கழித்து, 2025-இல், அதே யேட்ஸ் அதே மலையில் தாக்கினார். முன்னணியில் இருந்த டெல் தோரோவும் கராபாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட, யேட்ஸ் சட்டையைப் பறித்துக்கொண்டு போனார். கதாசிரியன் எழுதியிருந்தால் 'இதெல்லாம் நடக்குமா' என்று கேட்டிருப்போம். அவர்கள் பறந்த அதே வளைவுகளில் நான் எட்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்பது இங்கே தேவையில்லாத தகவல்.

உச்சியில் பழைய கோட்டை ஒன்று இடிந்து நிற்கிறது. வடக்கே ரோச்சமெலோனே சிகரம், 3,538 மீட்டர். பெரும்பாலானவர்கள் இங்கே படம் எடுத்துவிட்டு, தெற்கே தார்ச்சாலையில் கிசோனே பள்ளத்தாக்குக்கு இறங்கிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் அது பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவதுதான். ஃபினெஸ்த்ரேவுக்குப் பெயர் அதிகம், அசியெத்தாவில்தான் சுகம் அதிகம்.

உச்சியிலிருந்து பியான் தெல்லால்பே என்கிற மேய்ச்சல் வெளிக்கு இறங்க வேண்டும். சம்பாதித்த உயரத்தில் கிட்டத்தட்ட 280 மீட்டர் போய்விடும், மனசு வலிக்கும். அங்கே பால் பண்ணைக்காரர்களிடம் தோமா பாலாடைக்கட்டி வாங்கி ரொட்டியோடு சாப்பிட்டால் வலி குறையும். இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை பிளெசன்திஃப் என்கிற பாலாடைக்கட்டி. கோடைத் தொடக்கத்தில், புல்வெளியில் ஊதாப்பூ பூத்திருக்கும்போது கறந்த பாலில் மட்டும் செய்வார்கள். பதப்பட்டுச் சந்தைக்கு வர செப்டம்பர் ஆகிவிடும். ஜூலையில் போகிறவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அங்கிருந்து தொடங்குகிறது அசியெத்தா பாதை. செஸ்ட்ரியேரே வரை சுமார் 34 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முழுவதும் மண். அசியெத்தா கணவாய் 2,472 மீட்டர், அதைத் தாண்டி 2,550 மீட்டர் வரை ஏறி, பின் லவுசோன், பிளெஜியே, கோஸ்தா பியானா, பூர்ஜே, பாசே என்று ஒவ்வொரு கணவாயாகத் தொட்டுப் போகும். இடப்பக்கம் கிசோனே பள்ளத்தாக்கு, வலப்பக்கம் சூசா பள்ளத்தாக்கு. பாதை முகட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போவதால் ஒவ்வொரு கணவாயிலும் காட்சி மொத்தமாக மாறிவிடும். ஏற்றம் இதமானது, ஆனால் கல் பெரிது. கைகள் அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போகும்.

1747 ஜூலை 19 அன்று இந்த முகட்டில் ஒரு பெரிய போர் நடந்தது. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின்போது, டூரினை நோக்கி வந்த பிரெஞ்சுப் படையை, எண்ணிக்கையில் குறைந்த பியமோன்தே படை இங்கே அகழி வெட்டி, கல்சுவர் எழுப்பித் தடுத்து நிறுத்தியது. பிரெஞ்சுத் தளபதி பெல்-இல் களத்திலேயே இறந்தார். அவர் பக்கம் சேதம் ஆயிரக்கணக்கில். பாதையை விட்டு ஒதுங்கி நினைவுத்தூண் இருக்கும் மேட்டுக்குப் போனால், கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே புல்லுக்கடியில் அந்த அகழிக் கோடுகள் தெரியும். வெறும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறிய எனக்கே நாக்கு தள்ளியது. துப்பாக்கியோடு, எதிரில் குண்டு பாய, இந்தச் சரிவில் ஓடி ஏறச் சொன்னவனை என்ன சொல்வது!

மர்மோட் என்கிற மலை அணில்கள் வழியெல்லாம் விசில் அடிக்கும், பயமில்லை. பயப்பட வேண்டியது ஆட்டுமந்தைக்குக் காவலிருக்கும் பெரிய வெள்ளை நாய்களுக்கு. இந்தக் காடுகளுக்கு ஓநாய்கள் திரும்பி வந்தபின் இவையும் பெருகிவிட்டன. மந்தை பாதையில் நின்றால் ஓட்டிக்கொண்டு நடுவில் புகாதீர்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே மெதுவாக நடக்க வேண்டும். அண்ணன் தமிழிலேயே "சரி சரி, போடா ராஜா" என்று பேசினார். அதுவும் குரைப்பதை நிறுத்தி, ஆட்டுப் பக்கம் போய்விட்டது.

எப்போது போகலாம்? பனி விலகி வழி திறக்க ஜூன் கடைசி ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்டில் புதன், சனிக்கிழமைகளில் பகல் நேரத்தில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை உண்டு. கண்டிப்பாக அந்த நாட்களில் போங்கள். மற்ற நாட்களில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே ஓட்ட வேண்டும். தண்ணீர் அரிது, நிழல் அறவே கிடையாது. மதியத்துக்குமேல் இடி இறங்கும் மலை இது, முகட்டில் ஒதுங்க இடமில்லை. மேகம் கறுத்தால் பாசே கணவாயிலிருந்து சவுஸ் பக்கம் இறங்கிவிடலாம், நேரே ஊல்க்ஸ் வந்துவிடும்.

அந்தக் கடைசிக் கணவாய்களில் மேற்கே ஷபெர்த்தோன் மலை எழுந்து நிற்கும். 3,131 மீட்டர் உச்சியில் இத்தாலியர் எட்டுப் பீரங்கிக் கோபுரங்கள் கட்டினார்கள். 1940 ஜூன் 21 அன்று பிரெஞ்சுக்காரர்கள் அவற்றில் ஆறை ஒரே நாளில் நொறுக்கிவிட்டார்கள். போருக்குப் பின் மலையே பிரான்ஸுக்குப் போனது.

செஸ்ட்ரியேரே எனக்குப் பிடிக்கவில்லை. 1930களில் ஃபியட் குடும்பம் கட்டிய உருளை வடிவ ஓட்டல் கோபுரங்கள், பனிச்சறுக்குக் கடைகள், கோடையில் பாதி மூடிக் கிடக்கும் ஊர். ஒரு காபி குடித்துவிட்டு செசானா வழியாக ஊல்க்ஸுக்கு இறங்கினோம். தார்ச்சாலை, 22 கிலோமீட்டர் அளவுக்கு. பிரேக் பிடித்தே விரல் ஓய்ந்துவிடும். அங்கிருந்து டூரினுக்கு ரயில் உண்டு, வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச்சீட்டு எடுத்து ஏற்றிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், மலையேறிவிட்டு வரும் டூரின்காரர்கள் எல்லோரும் அந்த ரயிலில்தான் இருப்பார்கள்.