மரப்பட்டை மூடாக்கு: நிறத்துக்காக அல்ல, மண்ணுக்காக

நியூ ஜெர்சியின் நடுப்பகுதியில் ஏப்ரல் பாதியைத் தாண்டியதும் தெருவுக்குத் தெரு ஈர மரப்பட்டையின் வாசம் எழத் தொடங்கிவிடும். வீட்டு வாசல்களில் கரும்பழுப்புக் குவியல்கள் வந்து இறங்கும். பள்ளி மாணவர்கள் நிதி திரட்டுவதற்காக மூட்டைக் கணக்கில் விற்பார்கள். தோட்டப் பராமரிப்பு ஆட்கள் தள்ளுவண்டியில் அள்ளிச் சென்று செடிகளைச் சுற்றியும் மரத்தடியிலும் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். நம்மவர்கள் உட்பட இங்கே எல்லோரும் மல்ச் என்று சொல்லும் இந்த மூடாக்கை, அதிலும் வன்மரங்களின் பட்டையை நார்நாராகக் கிழித்துச் செய்யும் வகையைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்து மண்ணுக்கு இவ்வளவு நன்மை செய்யும் ஒரு பொருள், ஆண்டுதோறும் நிறத்துக்காக மேலே மேலே கொட்டப்படுவதால், எங்கள் பகுதியின் இளமரங்களை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது.

பட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் குணம் பாதி விளங்கிவிடும். பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ போன்ற மாநிலங்களின் மர அறுவை ஆலைகளில், ஓக், மேப்பிள் முதலிய மரங்களின் தடிகள் அறுவைக்குப் போகுமுன் பட்டை உரிக்கப்படுகின்றன. பட்டையில் ஒட்டியிருக்கும் மணல் ரம்பத்தின் பல்லை மழுக்கும். காகிதக் கூழுக்குப் போகும் மரச்சில்லில் பட்டை கலப்பதும் ஆகாது. அப்படி உரித்த பட்டை ஒருகாலத்தில் ஆலைகளுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. குவித்து வைத்தார்கள், இல்லையென்றால் எரித்தார்கள். 1960களிலும் 70களிலும் காற்று மாசுச் சட்டங்கள் கடுமையாகி எரிப்பது கடினமானபோது, அந்தக் கழிவுக்குத் தோட்டங்களில் இடம் கிடைத்தது. இயந்திரத்தில் ஒருமுறை கிழித்த பட்டை முரடாக இருக்கும்; இருமுறை கிழித்தது நாரும் சிறு துண்டுமாக இருக்கும்; மும்முறை கிழித்தது ஏறக்குறைய மண்ணின் பதத்துக்கு வந்துவிடும். நான் வாங்குவது இருமுறை கிழித்ததைத்தான். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் சரிவான பாத்தியிலும் மழைக்கு அடித்துக்கொண்டு போவதில்லை. பெரிய துண்டுகளாக விற்கும் பைன் பட்டையோ ஒரு கனமழையில் மிதந்து நடைபாதைக்கு வந்துவிடும். மும்முறை கிழித்தது பார்வைக்கு நேர்த்தியாக இருந்தாலும், நெருங்கிப் படிந்து காற்றையும் நீரையும் தடுக்கும், விரைவாக மக்கியும் போகும்.

மூடாக்கு என்ன செய்கிறது என்பதைப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையின் வட்டப்பாத்தியில் உரிமட்டையைக் கவிழ்த்துப் பரப்புகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயில் நேராக மண்ணில் படாததால் ஈரம் நிற்கிறது. மழைத்துளி மண்ணை அடித்து இறுக்குவதில்லை. களை விதைகளுக்கு வெளிச்சம் எட்டுவதில்லை. இங்கே இன்னொரு பயனும் சேர்ந்துகொள்கிறது. குளிர்காலத்தில் மண் உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடக்கும்போது, இலையுதிர் காலத்தில் நட்ட சிறு செடிகள் வேரோடு மேலே தள்ளப்பட்டுவிடும். மூடாக்கு அந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது. பட்டையில் எளிதில் மக்காத லிக்னின், சுபெரின் என்னும் பொருள்கள் மரத்தின் உட்பகுதியில் இருப்பதைவிட அதிகம் என்பதால் அது மரத்தூளைப் போலச் சட்டென்று சிதைவதில்லை. மட்கிய வன்மரப் பட்டையை நாற்றங்கால் தொட்டிக் கலவையில் சேர்த்தால் வேரழுகல் நோய்களைத் தூண்டும் பூஞ்சைகள் அடங்குகின்றன என்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹாய்டிங்க் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவினார். ஆலைக் கழிவாக இருந்த ஒன்று தாவர நோயியலில் மதிப்புப் பெற்ற அந்த வரலாற்றை நான் மிகவும் மதிக்கிறேன்.

அளவுக்கு வருவோம், ஏனென்றால் சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. கிழித்த பட்டை இரண்டு முதல் மூன்று அங்குலம் இருந்தால் போதும். இந்த மூன்று அங்குலம் என்பது மொத்தக் கனமே தவிர, ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகச் சேர்க்க வேண்டிய கனம் அன்று. ஆனால் நடப்பது வேறு. கோடையின் வெயிலில் மேற்பரப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அடியிலுள்ள பட்டை இன்னும் நன்றாகவே இருக்கும். நிறம் போனதைப் பார்த்து மூடாக்கே தீர்ந்துவிட்டது என்று எண்ணி அடுத்த ஆண்டும் இரண்டு அங்குலம் போடுகிறார்கள். முந்தைய அடுக்கு முழுவதும் மக்குவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று போனால், சில ஆண்டுகளில் பாத்தியில் ஆறேழு அங்குலம் சேர்ந்துவிடும். அந்த ஆழத்தில் லேசான மழை மண்ணைத் தொடுவதே இல்லை. வேர்கள் காற்றைத் தேடிப் பட்டைக்குள் ஏறிவந்து, முதல் வறட்சியிலேயே காய்ந்துவிடுகின்றன.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு அளவுகோலை மண் தட்டும்வரை செருகிப் பாருங்கள். இரண்டு அங்குலம் மிச்சமிருந்தால் வாரியைக்கொண்டு மேற்பரப்பைக் கிளறிவிட்டாலே போதும். கெட்டித்துப்போன படலம் உடைந்து தண்ணீர் இறங்கும், அடியிலிருந்த கருநிறமும் மேலே வந்துவிடும். உண்மையாகவே தேவைப்பட்டால் கணக்கு எளிது. இங்கே யார்டு என்ற பெயரில் விற்கப்படும் ஒரு கன கஜம் 27 கன அடி கொண்டது. அதை ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் 324 சதுர அடி மூடும். பாத்தியின் சதுர அடியைத் தேவையான அங்குலத்தால் பெருக்கி 324ஆல் வகுத்தால் எத்தனை கன கஜம் என்பது கிடைத்துவிடும். 12 அடிக்கு 27 அடிப் பாத்தி என்றால் புதிதாக மூன்று அங்குலம் போட மூன்று கன கஜம் வேண்டும். ஏற்கெனவே இரண்டு அங்குலம் இருந்தால் ஒன்றே போதும். கடையில் மூட்டையாக வாங்குகிறவர்கள், ஒரு மூட்டை பெரும்பாலும் 2 கன அடி என்பதால், ஒரு கன கஜத்துக்குப் பதிமூன்றரை மூட்டை என்று கொள்ளலாம்.

மரத்தடிக்கு வரும்போது இந்த அளவு மீறல் உயிருக்கே கேடாகிறது. அடிமரத்தைச் சுற்றிக் கூம்பாகப் பட்டையைக் குவிப்பதை இங்கே எரிமலை மூடாக்கு என்றே அழைக்கிறார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு மரங்களுக்கு மிகையாக மூடாக்கு இடுவதன் தீமைகளைப் பற்றித் தனியாக ஒரு தகவல் தாளே வெளியிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் புதிய குடியிருப்புகளில் தெருவோர மேப்பிள்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தக் கூம்புக்குள் நிற்கின்றன. வேரின் தோல் ஈரத்தில் இருக்கவே ஏற்பட்டது. அடிமரத்தின் பட்டையோ காற்றுப் படும் இடத்துக்கானது. அதன்மேல் ஆண்டு முழுவதும் நனைந்த மூடாக்கு அணைந்து கிடந்தால் பட்டை ஊறி அழுகத் தொடங்கும். இலையில் உண்டாகும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுசெல்லும் உள்பட்டை சிதையும். வேர் பட்டினி கிடக்கும். மேப்பிள் போன்ற மரங்களில், குவியலுக்குள் புதிதாக வேர்கள் முளைத்து வெளியே பரவாமல் அடிமரத்தையே சுற்றி வளைந்து வளர்ந்து, பருக்கும்போது அதை நெரிக்கவும் செய்கின்றன. குளிர்காலத்தில் வோல் என்னும் சிறு கொறிவிலங்குகள் குவியலுக்குள் மறைந்திருந்து பட்டையைச் சுற்றிலும் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு. இவை எதுவும் ஒரே ஆண்டில் வெளியே தெரிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளைகள் காய்ந்து இலை சிறுத்துப்போகும்போது, வறட்சி என்றோ பூச்சி என்றோதான் சொல்கிறார்களே தவிர, அடியில் கிடக்கும் குவியலை யாரும் சந்தேகிப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தடுப்பதற்கு ஒரு காசுகூடச் செலவில்லாத சாவு இது.

நலமாக நிற்கும் மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்து வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்கம்பத்தை நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், அந்த விரிவு எங்கோ புதைந்திருக்கிறது என்று பொருள். அடிமரத்திலிருந்து மூன்று அங்குலமாவது விட்டு, அங்கிருந்து வெளியே கிளைகள் பரவும் எல்லை வரைக்கும் தட்டையாகப் பரப்பலாம். அகலம் எவ்வளவு இருந்தாலும் மரத்துக்கு நல்லதுதான், உயரம்தான் கூடாது.

வாங்கி வந்த பட்டையின் வாசத்தையும் கவனிக்க வேண்டும். நல்ல பட்டையில் காட்டு மண்ணின் வாசம் இருக்கும். காடியின் நெடியோ அழுகிய முட்டையின் நாற்றமோ அடித்தால், மிக உயரமாகக் குவிக்கப்பட்டுக் காற்றில்லாமல் புளித்துப்போன சரக்கு அது. அசிட்டிக் அமிலமும் மெத்தனாலும் அதில் சேர்ந்திருக்கும், அமிலம் கூடக்கூடக் குறையும் பி.எச். அளவு 2 வரைக்கும்கூட இறங்கியிருக்கலாம். அதைச் செடிகளின் அருகே போட்டால் சில மணி நேரத்திலேயே கீழ் இலைகள் ஓரம் கருகி வெளிறிவிடும். அப்படிப்பட்டதை வண்டி நிறுத்தும் இடத்தில் மெல்லிதாகப் பரப்பி நன்றாகத் தண்ணீர் விட்டு, நெடி முற்றிலும் போகும்வரை காற்றாட விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஈரப்பட்டையில் பூஞ்சை வருவது இயல்பு. மஞ்சள் நுரை கக்கியதுபோல் திடீரென்று தோன்றும் சளிப்பூஞ்சையைக் கண்டு பலரும் அஞ்சுகிறார்கள். அது செடிக்கு ஒன்றும் செய்யாது, தானே காய்ந்து போய்விடும். கவலைப்பட வேண்டியது பீரங்கிப் பூஞ்சை என்று வழங்கும் ஸ்பேரோபோலஸ். கடுகளவே உள்ள அதன் உடலம் வித்துத் திரளைச் சில மீட்டர் தூரம் சுட்டெறியும். வெளிச்சத்தை நோக்கி எறிவதால் வினைல் என்னும் பிளாஸ்டிக் பலகை பொருத்திய வெள்ளைச் சுவரிலும் நிறுத்திய காரிலும் தார்ப்புள்ளிகள்போல் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் அவற்றை எடுப்பது மிகக் கடினம். இதைப் பற்றிப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விரிவான ஆய்வு நடந்திருக்கிறது. காளான் வளர்த்து முடித்த உரத்தை நூற்றுக்கு நாற்பது பங்கு மூடாக்கோடு கலந்தால் இந்தப் பூஞ்சை அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். காளான் சாகுபடிக்குப் பெயர்பெற்ற கென்னட் ஸ்கொயர் அதே மாநிலத்தில் இருப்பதால் அந்த உரம் இப்பகுதியில் எளிதாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் உப்பு சற்று அதிகம், அமிலத்தன்மையும் குறைவு. ஆகவே அமில மண்ணை விரும்பும் அசேலியா, ரோடோடென்ட்ரான் பாத்திகளில் நான் அதைச் சேர்ப்பதில்லை. வெள்ளைச் சுவருக்குச் சற்றுத் தள்ளி உள்ள இடத்தில் பெரிய பைன் பட்டைத் துண்டுகளைப் போடுவது இன்னும் எளிய வழி. அவை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் இந்தப் பூஞ்சைக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை.

பட்டை மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும் என்ற அச்சம் நம் நண்பர்களிடம் பரவலாக இருக்கிறது. மேலே பரப்பிய பட்டை, மண்ணைத் தொடும் அந்த மெல்லிய பரப்பில் மட்டுமே நைட்ரஜனைக் கட்டிப்போடும். ஆழ வேர்கொண்ட புதர்களையும் மரங்களையும் அது தொடுவதில்லை, மேற்பரப்பில் முளைக்கும் களைக்குத்தான் கேடு. மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டால் மட்டும் அச்சம் உண்மையாகும். அதனால்தான் கத்தரியும் மிளகாயும் வெண்டையும் போடும் பாத்தியில், ஆண்டுதோறும் கொத்த வேண்டியிருப்பதால், பட்டையைத் தவிர்த்து வைக்கோலும் நறுக்கிய மேப்பிள் இலையும் போடுகிறேன். களைத்தடுப்புத் துணியை விரித்து அதன்மேல் பட்டை போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மக்கிய பட்டை துணியின்மேல் மண்ணாகி, அதிலேயே களை முளைத்துத் துணிக்குள் வேர்விடும், அடியிலுள்ள மண்ணுக்கோ அந்த மக்கு போய்ச் சேராது.

சாயம் ஏற்றிய சிவப்பு, கறுப்பு மூடாக்கு பெரும்பாலும் பட்டையே அன்று. பழைய சரக்குப் பலகைகளையும் கழிவு மரத்தையும் அரைத்து நிறமேற்றியது. சாயம் பொதுவாக இரும்பு ஆக்சைடோ கார்பன் கறுப்போ என்பதால் அதைவிட அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதே எனக்குக் கவலை. 2003 இறுதிவரை இங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்ற பதப்படுத்திய பலகைகளில் ஆர்செனிக் இருந்தது, அத்தகைய பலகைகள் இன்னமும் இடிபாடுகளில் வருகின்றன. பின்புறத் தோட்டத்துக்கு மரம் வெட்டுகிறவர்கள் இலவசமாகவே தரும் மரச்சில்லே போதுமானது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் பட்டையைவிட அதையே சிறந்ததென்று வாதிடுகிறார், நீரை விலக்கும் மெழுகுத்தன்மை பட்டையில் அதிகம் என்பது அவர் தரப்பு. அதை நான் மறுக்கவில்லை. முன்புறச் சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்குக் கிழித்த பட்டைக்கு நிகராக எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை என்பதால் மட்டுமே அதைத் தொடர்கிறேன். மரச்சுவரையும் வினைலையும் ஒட்டி மட்டும் எந்த மூடாக்கையும் போடாதீர்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் எரியக்கூடிய சுவர்கொண்ட பெரிய கட்டடங்களிலிருந்து 18 அங்குலத்துக்குள் மூடாக்கு இடக் கூடாதென்று விதி வகுத்தது. தனி வீடுகளுக்கு அது கட்டாயமில்லை என்றாலும், வீசியெறிந்த ஒரு சிகரெட் காய்ந்த பட்டையை என்ன செய்யும் என்பது எந்த வீட்டுக்கும் ஒன்றுதான். தெற்குப் பார்த்த ஒரு மூலையை வெறும் மண்ணாகவே விட்டுவைப்பதும் நல்லது. இந்நாட்டுத் தேனீ இனங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது மண்ணில் வளை தோண்டியே வாழ்கின்றன.

ஏற்கெனவே கூம்புக்குள் நிற்கும் மரம் உங்கள் வீட்டில் இருந்தால், வசந்தத்தின் தொடக்கத்தில் கையாலேயோ சிறு கரண்டியாலேயோ பட்டையை மெதுவாக விலக்கி, வேர்விரிவு தெரியும்வரை இறங்குங்கள்; மண்வெட்டி வேண்டாம், ஊறிய பட்டை எளிதில் உரிந்துவிடும். பென்சில் பருமனுள்ள சுற்றுவேர்களைக் கத்தரியால் வெட்டி எடுக்கலாம். மணிக்கட்டுப் பருமனுள்ளவை அடிமரத்தில் அழுந்தியிருந்தால் தகுதிபெற்ற மர வல்லுநரை அழைப்பதே முறை. அவர்கள் காற்றழுத்தக் கருவியால் வேரைக் காயப்படுத்தாமல் மண்ணை ஊதி அகற்றுவார்கள். விலக்கிய பட்டையை வீசிவிடாமல் அதே மரத்தைச் சுற்றி அகலமாகப் பரப்பிவிடுங்கள். தோட்டப் பராமரிப்புக்கு ஆள் வைத்திருப்பவர்கள், பட்டை இறங்குமுன் ஒப்பந்தத்திலேயே மூன்றைக் குறிப்பிடச் சொல்லுங்கள்: பழையதையும் சேர்த்து மொத்தக் கனம் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அடிமரத்தைச் சுற்றி மூன்று அங்குலம் வெறுமையாக இருக்க வேண்டும், மிஞ்சிய பட்டையை மரத்தடியில் தள்ளாமல் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும்.