ஆணை கையில் இருந்தும் அலைய விட்டார்கள்: வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பள்ளிச் சேர்க்கை

வீட்டு ஆய்வு, மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, குழந்தைகள் நலக் குழுவின் முன் நேர்காணல் என எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. பதின்மூன்று வயதுப் பெண்ணை வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது) எங்களிடம் ஒப்படைக்கும் அந்தக் குழுவின் ஆணையும் கைக்கு வந்தது. வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது அதன் பிறகு, அவளை எட்டாம் வகுப்பில் சேர்க்க அரசுப் பள்ளி ஒன்றின் அலுவலக வாசலில் நின்றபோதுதான்.

“தந்தை வந்து கையெழுத்துப் போடட்டும்” என்றார் எழுத்தர். அவரால் வர முடிந்தால் இந்தப் பெண் எங்கள் வீட்டில் இருக்கவே வேண்டியதில்லை என்றேன். அவர் விடவில்லை. “ஏன், அவருக்கு என்ன? குடியா?” என்று வரிசையில் நின்ற பெற்றோர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார். இவள் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். “வெளியே போய் உட்கார், கண்ணு” என்று அனுப்பிவிட்டுத்தான் எனக்கு வாயே வந்தது.

இதை அழுத்திச் சொல்கிறேன்: பிள்ளையின் கதையைக் கேட்க எந்த எழுத்தருக்கும் உரிமை இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, தன் 3ஆம் பிரிவில், அந்தரங்கம் காக்கப்படுவது பிள்ளையின் உரிமை என்கிறது. ஆணையைக் காட்டுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். முடிந்தால் முதல் தடவை பிள்ளையை அழைத்துக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்து, “இது ஏதோ குழுவின் கடிதம். நீதிமன்ற ஆணை கொண்டு வாருங்கள்” என்றார். குழந்தைகள் நலக் குழு என்பது முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரத்தோடு செயல்படும் அமர்வு. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. எனக்கு அப்போது பிரிவு எண் நாவில் வரவில்லை, திரும்பி வந்துவிட்டோம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிறுவனம் சாராப் பராமரிப்பை, அதாவது இல்லத்தில் அல்லாமல் குடும்பத்தில் வளரும் பிள்ளைகளைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, அடிக்கோடிட்டுக் கொடுத்தார். ஆணையோடு அதையும் சேர்த்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூல ஆணையை மட்டும் எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகல் போதும், மூலத்தைக் காட்டினால் போதும்.

மாற்றுச் சான்றிதழ் பழைய பள்ளியிலிருந்து வந்து சேரவில்லை. அதைப் பற்றித் தலைமையாசிரியரிடமே பேசினேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 5ஆம் பிரிவின்படி, அந்தச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. அவருக்கு இது தெரிந்தே இருந்தது. எழுத்தரைக் கூப்பிட்டு விண்ணப்பத்தை வாங்கச் சொன்னார். (இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் சான்றிதழை முன்கூட்டியே துரத்துங்கள்.)

விண்ணப்பத்தை நிரப்பும்போது எழுத்தர் திடீரென்று கனிவானார். “எதற்கு இந்தத் தொல்லை, மேடம்? உங்கள் வீட்டுக்காரர் இனிஷியலையே போட்டுவிடலாமே, பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.” நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் சேர்க்கையிலேயே பெரிய கண்ணி இதுதான். வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு இல்லை. பிறந்த குடும்பத்தோடு அவளுக்குள்ள உறவைச் சட்டம் அறுக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் இன்னோர் எழுத்து என்று ஆகிவிட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து அவள் அலைச்சல் தொடங்கும். நான் இதையெல்லாம் அடுக்குவதற்குள் அவளே சொன்னாள்: “என் இனிஷியல் அப்படியே இருக்கட்டும், சார்.” அதுவரை அந்த அறையில் அவள் வாயே திறந்திருக்கவில்லை.

வங்கியில் வேறு கூத்து. பாதுகாவலர் உறவு என்ற கட்டத்தில் தந்தை, தாய், நீதிமன்றம் நியமித்தவர் என்று மூன்றுதான் இருந்தன. “எங்கள் கணினியில் உங்களுக்கு இடம் இல்லை” என்றார் ஊழியர். இதற்கு வாதாடவே வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வயது, தொகை வரம்பு வங்கிக்கு வங்கி மாறும், அவ்வளவுதான். மேலாளரிடம் அதைச் சொன்னதும் பாதுகாவலர் கட்டமே இல்லாத வேறொரு படிவம் வந்தது. அவளே கையெழுத்துப் போட்டாள், இனிஷியலோடு.

எங்கள் ஆணை முதலில் ஓராண்டுக்கு. பிறகு குழு பரிசீலித்து நீட்டிக்கும். பரிசீலனையின்போது பிள்ளையிடம் தனியாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் அதே 3ஆம் பிரிவுதான். எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசினார்கள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எங்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. உடன்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கு இடம் இல்லாததால், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு என்று புதிய ஆணையில் எழுதினார்கள். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் இல்லத்தின் வாசலில் இன்னோர் எழுத்தரிடம் நின்றிருப்பேன்.

ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. இந்த உதவித்தொகைக்கான மாவட்ட ஒப்புதல் குழு கூடினால்தான் அது நகரும். எங்களுக்கு இன்னும் கூடவில்லை. விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டை மட்டும் முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.