மின்சாரம் வந்தால் வைஃபை போகிறது: ரங்கூன் நாட்குறிப்பு

2024 நவம்பர் 4, திங்கள்

மாலை 7 மணிக்குப் போன மின்சாரம் இரவு 11 மணிக்குத் திரும்பியது. மின்விசிறி சுழலத் தொடங்கியதும் மடிக்கணினியைத் திறந்தேன். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சித்தாள்களை அச்சுக்கடைக்கு அனுப்பும் வேலை ஒன்றுதான் மிச்சமிருந்தது. வைஃபை பட்டியலில் தெருவிலுள்ள எல்லார் வீட்டு இணைப்பும் இருந்தது. எங்களுடையதை மட்டும் காணவில்லை. கைப்பேசியோ அதே இணைப்பில் எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுடையது என்று சொன்னாலும் ரௌட்டர் எங்கள் வீட்டில் இல்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அண்ணன் பெயரில் இணைப்பு இருக்கிறது. நான்காம் மாடியில் இருக்கும் நாங்கள் மாதந்தோறும் பாதிப் பணம் கொடுத்துவிடுகிறோம். நேற்றுவரை ஒரு குறையும் இருந்ததில்லை.

மடிக்கணினி கைமாறி வந்தது. அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். வைஃபை சரியில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஆர்எஃப்கில் என்னும் கட்டளை. வைஃபை அட்டையின் ரேடியோவை மென்பொருள் அணைத்திருக்கிறதா, பக்கவாட்டுப் பொத்தான் அணைத்திருக்கிறதா என்று இரண்டையும் அது தனித்தனியே காட்டிவிடும். இரண்டுமே அணைக்கப்படவில்லை. பிறர் வீட்டு இணைப்புகள் தெரியும்போது ரேடியோ அணைந்திருக்க வழியே இல்லை என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், நள்ளிரவில் தோன்றவில்லை. அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கெர்னலிலிருந்து, அதாவது லினக்ஸின் உட்கருவிலிருந்து, கழற்றி மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன், கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். பட்டியலில் மாற்றம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

விடியற்காலையில் எழுந்து கைப்பேசியில் தேடிப் படித்ததில், மின்சேமிப்பு முறையில் வைஃபை அட்டை அடிக்கடி உறங்கிவிடுவதால் இணைப்பு அறுபடும் என்று பலரும் எழுதியிருந்தார்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்னும் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பவர்சேவ் என்ற இடத்தில் 3 என்று இருந்தால் மின்சேமிப்பு நடக்கிறது என்று பொருள். அதை 2 ஆக்கினால் நின்றுவிடும். மாற்றிச் சேமித்த கையோடு மின்சாரம் போய்விட்டது.

9 மணிக்கு மின்சாரம் திரும்பியதும் பார்த்தேன். எங்கள் இணைப்பு பட்டியலின் முதல் வரியிலேயே நின்றது. பயிற்சித்தாள்கள் அச்சுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. மின்சேமிப்புதான் காரணம் என்று முடிவு செய்து, இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

கந்த சஷ்டி. கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது தெரு முழுவதும் இருட்டாக இருந்தது. இரவு 10 மணிக்கு விளக்கு வந்தது. மடிக்கணினியில் இணைப்பை மறுபடியும் காணவில்லை. செவ்வாய்க்கிழமைக் குறிப்பை எழுதியவன் இன்று தலைகுனிய வேண்டியதுதான்.

தங்கை மகன் வந்திருந்தான். தன் கைப்பேசியின் இணைப்பை ஹாட்ஸ்பாட்டாகத் திறந்து, "இதைப் பிடிக்குதா பாருங்க, மாமா" என்றான். மடிக்கணினி அதை நொடியில் பிடித்துக்கொண்டது. அட்டையும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூன்றாம் மாடி ரௌட்டரிலும் பழுது இல்லை, ஏனென்றால் மற்ற எல்லாக் கைப்பேசிகளும் அதில்தான் ஓடுகின்றன. இருவரும் தனித்தனியே நல்லவர்கள், சேர்ந்தால்தான் ஒத்துப்போகவில்லை. சம்பந்தி வீட்டுச் சண்டை போலிருந்தது.

பிறகு ஒரு காரியம் செய்தோம். என்எம்சிஎல்ஐ கட்டளை அருகிலுள்ள இணைப்புகளைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றும் எந்தச் சேனலில், அதாவது எண்ணிட்ட எந்த அலைத்துண்டில், இருக்கிறது என்பதையும் ஒரு பத்தியில் காட்டும். எங்கள் தெருவில் எதிரெதிர்க் கட்டடங்களுக்கு இடையே ஒரு காரும் ஒரு தள்ளுவண்டியும் போக மட்டுமே இடம் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ரௌட்டராவது இருக்கும். மடிக்கணினிக்கு 41 பெயர்கள் தெரிந்தன. எல்லாம் 1 முதல் 11 வரையிலான சேனல்களில் இருந்தன. பெரும்பாலானவை 1, 6, 11 ஆகிய மூன்றில் அடைந்து கிடந்தன. அவனுடைய கைப்பேசியில் அலை அளக்கும் செயலி ஒன்று இருந்தது. அதில் எங்கள் இணைப்பு தனியாக ஓர் ஓரத்தில், 13ஆம் சேனலில் நின்றது.

நவம்பர் 8, வெள்ளி

இன்று மின்சாரம் மூன்று முறை போய் வந்தது. ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் சேனலையும், மடிக்கணினியில் இணைப்பு தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொண்டேன். காலையில் 6ஆம் சேனல், தெரிந்தது. பிற்பகலில் 13; தெரியவில்லை. இரவிலும் 13, தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ரௌட்டர் 11க்குள் ஏதோ ஒரு சேனலில் எழுந்திருக்கும், நான் அந்தப் பெருமையைப் பவர்சேவுக்குக் கொடுத்துவிட்டேன்.

ரௌட்டர் தானே சேனலைத் தேர்ந்துகொள்ளும்படி விடப்பட்டிருந்தால், எழும்போது சுற்றிலும் கேட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த இடத்தில் போய் அமரும். மின்சாரம் வந்ததும் தெருவிலுள்ள ரௌட்டர்கள் அத்தனையும் ஒன்றாக எழுகின்றன. மூன்றாம் மாடியில் இருப்பது பழையது, எழுந்து நிற்க இரண்டு நிமிடம் ஆகிறது. அதற்குள் மற்றவை நல்ல இடங்களைப் பிடித்துவிடுகின்றன. பந்திக்குக் கடைசியாக வந்தவனுக்குக் கோடியில் உள்ள இலைதான் கிடைக்கும் என்பது போல, இதற்கு 13 கிடைக்கிறது. இது என் ஊகம். ஆனால் மின்சாரம் போய் வந்த பிறகு மட்டும் தொல்லை வருவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

நவம்பர் 9, சனி

மடிக்கணினிக்கு 13 ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை கிடைத்தது. இனி வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஐடபிள்யூ லிஸ்ட் என்று கட்டளை கொடுத்தால் அட்டைக்குத் தெரிந்த சேனல்கள் அனைத்தும் அதிர்வெண்ணோடு வரிசையாக வரும். 2412 மெகாஹெர்ட்ஸ் 1ஆம் சேனல், 2437 என்பது 6, 2462 என்பது 11. அதுவரை ஒவ்வொரு வரியிலும் எத்தனை டெசிபெல் வலுவில் அனுப்பலாம் என்ற கணக்கு எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த 2467, 2472 ஆகிய இரு வரிகளிலும், அதாவது 12க்கும் 13க்கும், அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் டிசேபிள்டு என்று மட்டும் இருக்கிறது. முடக்கப்பட்ட சேனலில் அட்டை அனுப்பாமல் இருப்பதோடு நிற்பதில்லை, அங்கே தேடவும் போகாது. அதனால்தான் எங்கள் இணைப்பு வலுக்குறைவாகக்கூடத் தெரியாமல், அடியோடு இல்லாதது போல இருந்தது.

யார் முடக்கினார்கள் என்பதைக் கெர்னலின் செய்திகள் சொல்லிவிட்டன. என் அட்டையை இயக்குவது ஏத்9கே என்னும் டிரைவர். 2008இல் லினக்ஸ் 2.6.27 கெர்னலோடு வந்து சேர்ந்தது. அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் மென்பொருள் கோப்பு எதையும் தனியாகக் கேட்காத டிரைவர் என்பதால் பழைய லினக்ஸ்காரர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு, எனக்கும்தான். கணினி எழும்போது இது அட்டையின் ஈப்ராமில், அதாவது தொழிற்சாலையிலேயே பதித்துவிடும் சிறு நினைவகத்தில், எந்த நாட்டுக்கான குறியீடு இருக்கிறது என்று படிக்கிறது. என் அட்டையில் அந்த இடத்தில் சுழியம் இருக்கிறது. சுழியம் என்றால் இயல்பான நாட்டை எடுத்துக்கொள் என்று பொருளாம். அந்த இயல்பான நாடு அமெரிக்கா. செய்தியின் நான்கைந்து வரிகளுக்குப் பின் யூஎஸ் என்ற இரண்டெழுத்து வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அலைப்பகுதி வேறு பயன்பாட்டுக்காகக் காக்கப்படுகிறது. 13ஆம் சேனலின் நடு 2472இல் இருந்தாலும், அதன் அகலம் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆகவே அங்கே விற்கும் வைஃபை கருவிகள் 11ஓடு நின்றுவிடுவது வழக்கம். ரங்கூனில் இருந்துகொண்டு என் மடிக்கணினி அமெரிக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கைப்பேசி அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலான கைப்பேசிகள் சிம் வழியே கிடைக்கும் அலைபேசி வலையமைப்பிலிருந்து எந்த நாடு என்பதை அறிந்துகொள்கின்றன. அந்த வலையமைப்பில் பர்மாவுக்கான நாட்டு எண் 414.

ஐடபிள்யூ ரெக் செட் என்ற கட்டளையோடு நம் நாட்டுக் குறியீடான எம்எம் என்பதைக் கொடுத்துப் பார்த்தேன். 12ம் 13ம் முடங்கியபடியே இருந்தன. இது பிழை இல்லை. இந்த டிரைவரில் ஈப்ராம் சொன்னதே மேல்வரம்பு. நாம் சொல்லும் நாடு அதை இன்னும் குறுக்கலாமே தவிர, விரிக்க முடியாது. கெர்னலைத் திருத்திப் பூட்டை உடைக்கும் வழிகளும் உண்டு. எனக்கு அதில் நாட்டமில்லை. கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் திருத்தத்தைச் சுமக்க வேண்டியிருக்கும், மேலும் அலை என்பது எனக்கு மட்டும் உரிய பொருள் அன்று.

ஆக, மாற வேண்டியது ரௌட்டர்தான். அதற்கு மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போக வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வகுப்பு முடிந்து வந்து மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "எல்லாருக்கும் நல்லாத்தானே ஓடுது, தம்பி? உங்க பழைய மெஷினுக்காக எங்க பெட்டியை ஏன் கிண்டணும்?" என்றார். நியாயமான கேள்விதான். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும், பிடிக்காவிட்டால் பழையபடியே வைத்துவிடலாம் என்று சொன்னதன் பேரில் இசைந்தார். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

ரௌட்டரைத் திருப்பி அடியிலிருந்த ஒட்டுத்தாளில் கடவுச்சொல்லைப் படித்தேன். ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்து, கடைசி எழுத்து ஓவா சுழியமா என்று தெரியாமல் இருந்தது. இரண்டாவது முயற்சியில் திறந்தது. சேனல் என்ற இடத்தில் ஆட்டோ என்று இருந்தது. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தபோது 6இல் 14 இணைப்புகளும், 1இல் 9ம், 11இல் 7ம் தெரிந்தன. 1, 6, 11 ஆகிய மூன்றுக்கும் இடையே 25 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பதால் அவை ஒன்றின்மேல் ஒன்று படுவதில்லை. 8 அல்லது 9இல் போய் நின்றால் இருபுறத்து இரைச்சலையும் வாங்க வேண்டிவரும். ஆகவே 11ஐத் தேர்ந்து சேமித்தேன். மேலே வந்து பார்த்தபோது மடிக்கணினி தானாகவே இணைந்திருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

மூன்றாம் மாடியிலிருந்து முறையீடு வந்தது. இரவில் பிள்ளைகள் பார்க்கும் காணொளி நின்று நின்று ஓடுகிறதாம். மறுக்க முடியாது, 13இல் ஆளில்லாத இடத்தில் இருந்ததை நான் கூட்டத்துக்குள் இழுத்து வந்திருக்கிறேன்.

மறுபடியும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது சேனலின் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. இந்தச் சேனல்கள் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அவ்வளவு அகலம் எடுத்தால், இருக்கும் சிறிய இடத்தில் பாதியை ஒரே வீடு விரித்துக்கொள்வதாகும். அத்தனை பேருடைய இரைச்சலும் வந்து விழும். 20 ஆக்கினேன். காகிதத்தில் வேகம் பாதியாகக் குறையும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன். அண்ணன் முகத்தில் ஐயம் தெரிந்தது. இரவு 9 மணிக்குப் பிள்ளைகளைக் கேட்டேன். நிற்காமல் ஓடுகிறது என்றார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

தசாங்மோன் என்னும் பர்மிய மாதத்துப் பௌர்ணமி, விடுமுறை. தெருவெங்கும் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஞாயிறு முதல் மின்சாரம் 13 முறை போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறித்தேன். எப்போதும் 11ஆம் சேனல், எப்போதும் இணைந்தது.

பவர்சேவ் எண்ணை மீண்டும் 3 ஆக்கிவிட்டேன். விளக்கில்லாத நான்கு மணி நேரத்தில் பேட்டரி நீடிப்பது முக்கியம். 5ஆம் தேதிக் குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன். அதைப் படிப்பவர்கள் இங்கே வரையும் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் பலகணியில் மணி ஒலித்தது. நான்காம் மாடியிலிருந்து தெருவரை தொங்கவிட்டிருக்கும் எங்கள் கயிற்றில், செய்தித்தாளும் கீரையும் மேலே வர மாட்டும் இடுக்கியில், ஒரு துண்டுத்தாள் செருகப்பட்டிருந்தது. கயிறு மூன்றாம் மாடிப் பலகணியை ஒட்டித்தான் இறங்குகிறது. தாளில் ரௌட்டரின் கடவுச்சொல் அண்ணன் கையெழுத்தில் இருந்தது. கடைசி எழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, ஓ இல்லை, சுழியம் என்று எழுதியிருந்தார்.