தோல் தொழிற்சாலைத் தொட்டிக்கு மெழுகுவத்திச் சோதனை போதாது

பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் அது ஆளைக் கொல்லும். சுடர் காட்டுவது ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை மட்டுமே. இந்தத் தொட்டியின் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்றால் காற்றில் வெறும் 0.05 சதவீதம். சுடர் நன்றாகவே எரியும். இறங்கியவர் சில நிமிடங்களில் சுருண்டு விழுவார். உள்ளே மீத்தேனும் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும்.

தோலின் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். பி.எச். (அமில-கார அளவு) 12-க்கு மேல் இருக்கும்வரை சல்பைடு நீரில் அடங்கிக் கிடக்கும். தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் டிரம்மின் அமிலத் தண்ணீர் அதே கால்வாயில் கலந்து பி.எச். 7-க்கு இறங்கினால், ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடாக மாறிவிடும். ஆகவே சுண்ணாம்புத் தண்ணீருக்குத் தனிக் கால்வாய் வேண்டும். மாங்கனீசு சல்பேட் சேர்த்துக் காற்றடித்து சல்பைடை ஆக்சிஜனேற்றிய பிறகே மற்ற கழிவோடு சேர்க்கலாம். என்னைக் கேட்டால், முகமூடிக்கு முன் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

அதற்காகத் தொட்டியின் அடிச் சேற்றை நம்பிவிடக் கூடாது. அதிலுள்ள பாக்டீரியா சல்பேட்டிலிருந்தே இதே வாயுவை உண்டாக்கும். மண்வெட்டி பட்டதும் குபீரென்று கிளம்பும். அழுகிய முட்டை வாடை 1 பி.பி.எம்.-க்குக் கீழேயே தெரியும். 100-ஐ எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். "வாடை போயிடுச்சு, இறங்கு" என்பது அபாயமான பேச்சு.

இறங்கும் முன் வாயுவை அளக்கும் மீட்டரின் குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் விட்டு, காற்று உறிஞ்சப்பட்டு வரும்வரை பொறுத்துப் படிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.-ஐத் தொட்டால் இறங்கக் கூடாது. வேலை முடியும்வரை மீட்டர் இறங்கியவரின் சட்டைக் காலரில் இருக்கட்டும். காற்றை ஊதும் புளோயரின் குழாய் அடிவரை போக வேண்டும். அது காற்றை இழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு எட்டாத தூரத்தில். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனை வேண்டவே வேண்டாம், ஒரு தீப்பொறி போதும், எல்லாம் பற்றிக்கொள்ளும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, சோதித்துக் கொடுத்த எழுத்துச் சான்றையோ, சுவாசக் கருவியோடு வெளியே ஒருவர் பிடிக்கும் கயிற்றையோ கேட்டது. இரண்டையும் வையுங்கள். விழுந்தவரைத் தூக்க இன்னொரு ஆள் குதித்தால் அவரும் விழுவார். ஆளை மேலே தூக்கும் முக்கால் தாங்கியும் கயிறு சுற்றும் வின்ச்சும் முன்பே நிற்க வேண்டும். காற்றை வடிகட்ட மட்டும் செய்யும் கார்ட்ரிட்ஜ் முகமூடி ஆக்சிஜனைத் தராது.

உள்ளே ஆள் இருக்கும்போது மேலே யாரோ டிரம்மைத் திறந்துவிடுவதும் உண்டு. வரத்து வால்வை மூடிப் பூட்டி, சாவியை இறங்குபவரிடமே கொடுத்துவிடுங்கள்.